மீதி: இரண்டரை அண்டா

விதி ஆறு, உட்பிரிவு இ: போட்டிக்கு விளையாட்டை அனுப்பிய ஒவ்வொரு குழுவும், அதன் கீழ் பதிவாகும் ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி நடத்திய கேம் ஜாமின், அதாவது கணினி விளையாட்டு செய்யும் போட்டியின், விதிமுறைகளில் நான்காம் பக்கத்தில் இது இருந்தது. அந்த விதிமுறைகளை முதலிலிருந்து கடைசிவரை படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எழுதியவர்கள்கூடப் படித்திருக்க மாட்டார்கள். படித்திருந்தால் விதி மூன்றும் விதி ஒன்பதும் ஒன்றையொன்று ரத்து செய்வது கண்ணில் பட்டிருக்கும்.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஒரு போல்ட் வெளியே போவதென்றாலும் ஒரு விண்ணப்பம், இரண்டு கையெழுத்து, பதிவேட்டில் ஒரு வரி. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்பத்தூர் பக்கம் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடிக்கு வந்தேன். எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். முதல் வருடம் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய், எத்தனை படி கேழ்வரகு வந்தது, எத்தனை அண்டா கூழ் ஆனது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டேன். அடுத்த வருடம் ஸ்டோர்ஸ் அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மரியாதை என்று அவர்கள் சொன்னார்கள். வாயை அடைக்கும் வழி என்று எனக்குத் தெரியும். சாவியை வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கூழுக்கு ஒரு பதிவேடு உண்டு. அண்டாவுக்கு எண் போட்டு, எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்குக் காலியானது, வரிசையில் எத்தனை பேர் என்று எழுதுவேன். பகல் பன்னிரண்டுக்குக் கோடு போட்டு, மீதி எவ்வளவு என்று குறித்து, கையெழுத்திட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போவேன். ஒன்பது அண்டா காய்ச்சுவோம். பன்னிரண்டு மணிக்கு இரண்டு, இரண்டரை அண்டா மீதியிருக்கும்.

இந்த வருடம் ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை காலை, கமிட்டித் தலைவரின் மகள் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். தலைவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. மகள் அந்தக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு.

"ஆன்ட்டி, கூழ் ரிஜிஸ்டர் கொஞ்சம் வேணும். நாங்க மூணு பேரு கேம் ஜாம்ல இருக்கோம். நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஒரு கேம் பண்ணி முடிக்கணும். தலைப்பு 'பங்கீடு'. நம்ம தெரு கூழையே கேமா பண்ணலாம்னு ஐடியா."

என் பதிவேட்டை அதுவரை யாரும் கேட்டதில்லை. தொழிற்சாலையில் தணிக்கைக்காரர்கள் கேட்டார்கள், அது வேறு. நான்கு வருடத்துப் பக்கங்களையும் எடுத்துக் கொடுத்தேன். போட்டோ எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை விளையாட்டின் லிங்க் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. விளையாடிப் பார்த்து மதிப்பெண் போடுங்கள், கருத்து எழுதுங்கள், இரண்டு வாரம் அவகாசம் என்று தலைவரே எழுதியிருந்தார், நாலு கைகூப்புகளோடு.

விளையாட்டு நன்றாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். திரையில் நம் கோயில், நம் வேப்பமரம், ஸ்பீக்கர் கட்டிய அதே கரண்ட் கம்பம். மாவு, நொய், வெங்காயம், முருங்கைக்கீரை, விறகு, ஊற்ற ஆள் என்று எல்லாவற்றையும் நாம் பங்கிட வேண்டும். வரிசை நீளும். வரிசையின் தலைக்கு மேல் ஒரு பட்டை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தால் பச்சை, காக்க வைத்தால் சிவப்பு. சூரியன் மெல்ல ஏறி கோபுர உச்சியைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது. அப்போது அண்டாவில் கூழ் மீதியிருந்தால் அது கால்வாயில் கொட்டுகிற மாதிரி ஒரு படம் வரும். 'வீண்' என்று சிவப்பு எழுத்து. மதிப்பெண்ணில் வெட்டு.

முதல் மூன்று ஆட்டம் தோற்றேன். ஸ்டோர்ஸில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவள் காலேஜ் பிள்ளைகளின் அண்டாவிடம் தோற்பதா என்று புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஏழே அண்டாவில், ஒரு சொட்டு மீதியில்லாமல், பட்டை பச்சையாக, முழு மதிப்பெண்ணோடு முடித்தேன். 'சூப்பர் தர்மகர்த்தா' என்று பட்டம் கொடுத்தது. அரசாங்கம் எனக்குக் கொடுத்தது ஒரு சுவர்க் கடிகாரம்.

டீ போட எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்த பிறகுதான் உறைத்தது. பன்னிரண்டு மணிக்கு ஏழு அண்டாவும் காலி. அப்படியானால் தெரு கூட்டுகிறவளின் தூக்குவாளியில் எதை ஊற்றுவது?

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவைக் கூட்டுகிற மாநகராட்சி ஒப்பந்தப் பெண். கூழ் ஊற்றுகிற நாளில் விடியும் முன்பே வந்து கோயில் வாசலைக் கூட்டுவாள். வரிசையில் நின்று குடிக்கிறவர்கள் வீசியெறிகிற பேப்பர் கப்பையும் வெங்காயத் தோலையும் பகல் வரை வாரிக்கொண்டே இருப்பாள். அவளும் அவளோடு வேலை செய்கிற பெண்களும் வரிசைக்கு வருவதில்லை. வர முடியாது, வரிசையைச் சுத்தம் செய்வதுதான் அவர்கள் வேலை. எல்லாரும் போன பிறகு தூக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள். பக்கத்துக் கம்பெனிகளின் வாட்ச்மேன்கள், ஞாயிறு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் சிலரும் அப்படித்தான். வரிசைக்காரர் ஒரு கப் குடிப்பார். தூக்கு வீட்டுக்குப் போகும். அவள் வீட்டில் ஐந்து பேர். அம்மன் கூழ் வருகிற நாளில் அங்கே வேறு சமையல் கிடையாது.

விளையாட்டு 'வீண்' என்று கால்வாயில் கொட்டியது இவர்களுடைய பங்கை.

உடனே கருத்து எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: பொருள், பார்வை, பிறகு எண்ணிட்ட பத்திகள், கடைசியில் நகல் யாருக்கு என்பது. கருத்துப் பெட்டி என் கடிதத்தை விழுங்க மறுத்தது. இத்தனை எழுத்துக்கு மேல் கூடாதாம். சரி என்று பதினொரு துண்டாக வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி அனுப்பினேன். சாரம் இவ்வளவுதான்: சூரியன் உச்சிக்கு வந்ததும் ஆட்டத்தை முடிக்காதீர்கள், பிற்பகல் வேண்டும், தூக்கு வேண்டும், மீதி வீண் அல்ல. பதினொன்றாவது துண்டில், 'நகல்: கோயில் கமிட்டித் தலைவர், தகவலுக்காக.'

மற்றவர்கள் எழுதிய கருத்துகளையும் படித்தேன். 'செம மச்சி.' 'கூழ் சூப்பர், ஹேங் ஆவறதுதான் தாங்கல மாமே.' 'கருவாட்டுக் குழம்பு எங்க? இதெல்லாம் ஒரு கூழா?' கடைசிக் கருத்து நியாயமானது. எல்லாவற்றுக்கும் தலைவரின் மகள் அன்றைக்கே பதில் எழுதியிருந்தாள். எனக்கு மட்டும் இல்லை.

மூன்று நாள் முடிந்தது. மாடி ஏறிப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் விதி நான்கு இருக்கிறது: வாக்களிப்புக் காலத்தில் குழுவினர் மதிப்பெண் போடுகிறவர்களோடு விளையாட்டைப் பற்றி நேரில் பேசக்கூடாது. அடுத்த வாரம் வியாழக்கிழமை லிப்டில் அவளும் நானும் மட்டும். அவள் போனைப் பார்த்தாள். நான் மாடி எண்ணைப் பார்த்தேன். தாங்க முடியாமல் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, ஏதாச்சும் சொல்லணும்னா பேஜ்லயே போட்டுடுங்க. நேர்ல பேசினா எங்களுக்கு மைனஸ்."

"போட்டாச்சும்மா. பதினொண்ணு."

"பதினொண்ணா?"

லிப்ட் இரண்டாவது மாடியில் நின்றது. நான் இறங்கிவிட்டேன். விதி விதிதான்.

வெள்ளிக்கிழமை மாலை கமிட்டிக் கூட்டம். மண்டபம் என்று நாங்கள் சொல்கிற தகரக் கொட்டகையில் எட்டுப் பேர். தலைவர் தன் டேப்லெட்டில் விளையாட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"எம்புள்ள செஞ்சதுன்னு சொல்றேன்னு நெனைக்காதீங்க," என்றார் யாரையோ பார்த்து. பெற்ற மகளை இப்படிச் சுற்றி வளைத்துப் புகழ்வது அவர் அடக்கம். "நானே இருவது வாட்டி வெளையாடிப் பார்த்துட்டனுங்க. ஏழு அண்டா போதுமுங்க. ஒம்பது காய்ச்சறோம், வருசா வருசம் ரெண்டரை அண்டா வேஸ்ட்டுங்க. அம்மன் பிரசாதத்தைக் கீழ கொட்டலாமுங்களா?"

"யார் கொட்டினது?" என்றேன்.

"ரிஜிஸ்டர்ல இருக்குங்களே மேடம்."

"எந்த ரிஜிஸ்டர்ல?"

"உங்க ரிஜிஸ்டருங்க." டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து. என் கோடு. 'பகல் 12.00. மீதி: இரண்டரை அண்டா. கணக்கு முடிக்கப்பட்டது.' அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

நான்கு வருடமும் அப்படித்தான். அதற்குப் பிறகு அந்த இரண்டரை அண்டா எங்கே போனது என்று ஒரு வரி இல்லை. வரிசைக்கு வந்தவர்களைத் தலை எண்ணி எழுதினேன். தூக்கோடு வந்தவர்களை எழுதவே இல்லை. அவர்கள் வருகிற நேரத்தில் நான் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் பதிவேட்டில் இருந்ததை அப்படியே விளையாட்டாக்கியிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு உலகத்தை முடித்துவைத்தது அவள் அல்ல.

எழுந்து சொன்னேன். தூக்குகளைப் பற்றி, கூட்டுகிற பெண்களைப் பற்றி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் கமிட்டியில் உண்டு. பிறந்து வளர்ந்தது பாடி. வருடா வருடம் கூழ் ஊற்றுவது அவர்தான்.

"மேடம் சொல்றது கரீட்டுதான். நாந்தான ஊத்தறேன்," என்றார். "அவங்க வருவாங்க."

"எத்தனை பேருங்க?"

"அத்த எவன் எண்ணிகினு இருந்தான்? வருவாங்க, ஊத்துவேன், பூடுவாங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். கேலியில்லை, அவர் நல்ல மனிதர். "ரெக்கார்டு இல்லாம எப்படிங்க மேடம்? நீங்கதானுங்களே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க, எழுதாதது நடக்காததுன்னு. மாவும் ஏழுக்குத்தான் அரைக்கச் சொல்லியாச்சு. கேம் பண்ணுனவங்களே தப்புன்னு பேஜ்ல எழுதட்டும், அடுத்த வருசம் மாத்திக்கலாம்."

என் வாக்கியத்தை வைத்தே என்னை அடித்தார். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாததால் எனக்குத் திருத்தவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏழு அண்டா. மாற்ற முடியாது. ஆனால் அறைச் சாவி என்னிடம். எந்த அண்டா எப்போது வெளியே வரும் என்பது ஸ்டோர்ஸ் பொறுப்பாளரின் அதிகாரம். கமிட்டியின் விதி என்று ஒன்று இருந்தால் அதில் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அதை எழுதப் போவது நான். ஏழில் இரண்டை ஒதுக்கி வைப்பது. காலை வரிசைக்கு ஐந்து. ஆறரை போகிற இடத்தில் ஐந்து போக என்ன செய்வது? அதற்கும் விடை இருந்தது. விளையாட்டை மறுபடி திறந்து, ஐந்து அண்டாவில் காலையை ஓட்ட முடியுமா என்று ஆடினேன். ஒன்பதாவது ஆட்டத்தில் பிடிபட்டது: இரண்டாம் முறை வருகிறவர்களை நிறுத்தினால் முடியும். பட்டை சிவப்பாகும், ஆனால் ஆட்டம் பாதியில் நிற்காது. கடைசியில் மீதி இரண்டு அண்டா கால்வாயில் கொட்டியது, தோல்வி என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆடி மூன்றாம் ஞாயிறு காலை படையல் முடிந்து பத்து மணிக்கு முதல் அண்டாவைத் திறந்தோம். ஊற்றுகிறவரிடம் சொன்னேன்: ஆளுக்கு ஒரு கப், மறு கப் கிடையாது, பன்னிரண்டு மணி வரை.

"இன்னா மேடம், கூழுக்கே ரேஷனா?"

"ஆமாம். ரெண்டாவது தடவை வர்றவங்களை எனக்குக் காட்டுங்க."

"காட்டிகினு இருந்தா நான் எப்ப ஊத்தறது?" என்றார். ஆனால் காட்டினார்.

பதினொன்றரைக்கு ஐந்தாவது அண்டாவின் அடி தெரிந்தது. ஆறாவதும் ஏழாவதும் மூடியோடு எனக்குப் பின்னால். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவற்றின் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது முறை வந்திருந்த ஒருவர் கையில் காலிக் கப்போடு நின்று கத்தினார்.

"இன்னாம்மா, ரெண்டு அண்டாவ அடகாத்துகினு கீற? ஊட்டுக்கு எட்துகினு போவ போறியா?"

"நைனா, அவங்க ரிட்டயர்டு ஆபீசரு," என்றார் ஊற்றுகிறவர். "கூழ் வோணும்னா மனு எழுது."

வரிசை சிரித்தது. தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "மேடம், பட்டை சிவப்பாகுதுங்க. ஒண்ணையாவது திறந்துடுங்க."

"திறப்பேன். பன்னிரண்டு மணிக்கு."

"பன்னெண்டுக்கு முடிஞ்சுடுமேங்க."

"நீங்க வீட்டுக்குப் போகாம நில்லுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, உர்ரென்று, ஆனால் நின்றார்.

பன்னிரண்டு மணிக்குப் பதிவேட்டில் வழக்கமாகக் கோடு போடுகிற இடத்தில் போடவில்லை. 'மீதி இரண்டு அண்டா. பிற்பகல் விநியோகம் தொடக்கம்' என்று எழுதினேன். பத்து நிமிடம் யாரும் வரவில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். பிறகு முதலில் ஒரு வாட்ச்மேன், ஐந்து லிட்டர் தூக்கு. அவர் பின்னால் இரண்டு பெண்கள், புடவை மேல் பச்சைச் சட்டை, கையில் இரண்டிரண்டு தூக்கு. பக்கத்துத் தெருவைக் கூட்டுகிறவளுக்கும் சேர்த்து எடுத்து வந்திருந்தார்கள். பிறகு பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு கூட்டமே வந்தது. ஒவ்வொன்றையும் எழுதினேன்: தூக்கு, அளவு, எத்தனை பேர் உள்ள வீடு. வரிசையில் நின்ற தலைகளுக்கு இல்லாத கேள்வி இது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருத்தி மட்டும், "ஊட்ல எத்தினி பேருன்னு கேக்கறியே, பொண்ணு பாக்க வரப் போறியா?" என்றாள்.

முப்பதாவது தூக்கில் ஏழாவது அண்டாவும் பாதிக்குக் கீழே இறங்கியது. தலைவர் கட்டியிருந்த கையை அவிழ்த்து ஊற்றுகிறவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அண்டா பாரத்தைச் சாய்த்துப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவர் மகள் வந்தாள்.

"அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க."

"இரும்மா."

அவள் தூக்குகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விதி நான்கு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. போனை எடுத்தபடி, "ஆன்ட்டி, ரிஜிஸ்டரை போட்டோ எடுத்துக்கலாமா? கேம் பத்தி நான் எதுவும் பேசல," என்றாள்.

"முடியட்டும். பாதியில எடுத்தா என்ன ஆகும்னு உனக்கும் எனக்கும் தெரியும்."

ஒன்றரை மணிக்கு மேல், கடைசியாக, எங்கள் தெருக் கூட்டுகிறவள் வந்தாள். கோயில் வாசலில் விழுந்து கிடந்த கடைசிக் கப்பையும் வாரிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"இத்த வாரிகினு இருந்தேன்மா, லேட்டாப் பூட்ச்சு. கீதா?"

தலைவர் அண்டாவை முழுக்கக் கவிழ்த்துப் பிடித்தார். ஊற்றுகிறவர் சொம்பால் அடியைச் சுரண்டினார். தூக்கு நிறையவில்லை. முக்காலில் நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"போன வர்ஷம் ரொம்ப ஊத்துனீங்களே."

ஊற்றுகிறவர் வெங்காயமும் கீரையும் கை நிறைய அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவள் தூக்கை மூடிக்கொண்டு போனாள். நான் எழுதினேன்: 'தூக்கு 38. முக்கால் அளவு. ஐந்து பேர் வீடு. 1.40. மீதி: இல்லை. பற்றாக்குறை: உண்டு.' கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். தலைவரின் மகள் போட்டோ எடுத்தாள். தலைவர் கையில் ஒட்டியிருந்த கூழை வேட்டியில் துடைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒன்று போட்டார்.

அன்று மாலை பன்னிரண்டாவது கருத்தை அனுப்பினேன், அந்தப் பக்கத்தின் படத்தோடு. பிறகு தினமும் காலை டீக்கு முன் ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வாக்களிப்பு முடிந்தது. அவர்களுக்கு ஏழாவது இடம். ஜாம் நடத்தியவர்களுக்கு விதி ஆறைச் சுட்டி ஒரு நினைவூட்டல் அனுப்பினேன், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டாவதில் 'முந்தைய நினைவூட்டலின் தொடர்ச்சியாக' என்று போட்டேன். அந்தச் சொற்றொடரைத் தாங்கிய அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளிடமிருந்தே பதில் வந்தது. பொருள், பார்வை எல்லாம் போட்டு, எண்ணிட்ட நான்கு பத்தி. ஒன்று: புதிய கணக்கிலிருந்து ஒரே நிமிடத்தில் வந்த பத்துக் கருத்துகளையும் பின்னர் வந்த பன்னிரண்டாவதையும் தளம் குப்பை என்று நிறுத்தி வைத்துவிட்டது, தங்கள் நினைவூட்டலுக்குப் பிறகே நடத்துகிறவர்கள் விடுவித்தார்கள், அதுவரை எங்களுக்குத் தெரிந்தது 'நகல்: தலைவர், தகவலுக்காக' என்ற வரி மட்டுமே, அதை அப்பா விளையாட்டுக்காகப் போட்டதென்று நினைத்தோம். இரண்டு: பதிவேடு பன்னிரண்டு மணிக்கு மூடியிருந்ததால் எங்கள் ஆட்டமும் அங்கே முடிந்தது, இதை மரியாதையோடு சுட்டிக்காட்டுகிறோம். மூன்று: இப்போது சூரியன் கோபுரத்தைத் தாண்டி இறங்கும், தூக்குகள் வரும், கால்வாய்ப் படம் நீக்கப்பட்டது, குப்பை வாருகிறவர் கடைசித் தூக்காக வருவார், அவருக்கு நிறையாவிட்டால் ஆட்டம் தோல்வி. நான்கு: ஏழு அண்டாவில் யாராலும் இனி ஜெயிக்க முடியாது, நாங்களே முயன்று பார்த்தோம். கீழே, 'நகல்: கோயில் கமிட்டித் தலைவர், அடுத்த வருடம் ஒன்பது அண்டாவுக்கு மாவு அரைக்க ஏற்பாடு செய்யும்படி.' அதற்கும் கீழே தலைவரின் ஒரு வரி: 'ஒப்புதல் அளிக்கப்படுகிறதுங்க.'

பதில் பெறப்பட்ட நாள்: ஆவணி நான்கு, புதன்கிழமை.